ஆறு நிமிட லேப்டாப்!

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்த பிறகு, அது வேலைக்குத் தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது? கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்றாவது பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு தையற்காரர் குடும்பம் இருக்கிறது. அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவர்கள் வீட்டு லேப்டாப்புக்கு ஆறு நிமிடம் ஆகும். பட்டனை அழுத்திவிட்டுப் பல் துலக்கப் போவாளாம். திரும்பி வரும்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமாம்!

2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது உங்கள் அக்கா, அண்ணன்களுக்குத் தெரியும். அப்படி 2013-இல் அவளுடைய அத்தை ப்ளஸ் டூ படித்தபோது வாங்கியது இந்த லேப்டாப். அத்தை கல்லூரியும் முடித்து, கல்யாணமும் ஆகிப் போய்விட்டார். லேப்டாப் மட்டும் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஒருநாள் காலை தையற்காரர் என்னிடம் வந்தார். "சார், பழைய இரும்புக்காரர் முந்நூறு ரூபாய் தர்றேங்கிறார். கொடுத்திடட்டுமா? பிள்ளை அதோட தினம் மல்லுக்கட்டுது" என்றார். அவர் பின்னாலேயே மகளும் ஓடி வந்தாள். "சார் தாத்தா, கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அப்பத்தா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு!"

அவளுடைய அப்பத்தா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அத்தை கல்யாணத்தில் எடுத்த படங்கள், அப்பத்தா பேத்திக்குத் தலைசீவி விடும் படம், எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். வேறு எங்கும் பிரதி கிடையாது.

"முதலில் எடுத்து வாம்மா, பார்ப்போம்" என்றேன்.

டிக்... டிக்...

நான் கம்ப்யூட்டர் என்ஜினீயர் அல்ல. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு, பேரனோடு சேர்ந்து இதையெல்லாம் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன். ஆகவே டாக்டர் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதலில் காது கொடுத்துக் கேட்டேன்.

லேப்டாப்பின் இடது ஓரத்திலிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடியும் 'டிக்... டிக்...'. எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் இப்படிச் செய்தால் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பலகை திறக்கும். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று அது சதவீதத்தில் காட்டும். நீங்களும் செய்து பாருங்கள், எதுவும் கெட்டுப்போகாது. எங்கள் பலகையில், கணக்குப் போடும் பிராசஸர் எட்டு சதவீதம். 'டிஸ்க்' என்ற இடத்திலோ நூறு சதவீதம்! அது கீழே இறங்கவே இல்லை.

இதற்கு என்ன அர்த்தம்? வகுப்பில் முப்பது பேரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் வினாத்தாளைக் கொண்டுவரும் ஒரே ஒருவர் மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்று நின்று வருகிறார். அப்படித்தான்! லேப்டாப்புக்கு வயதாகவில்லை. அதன் ஹார்டு டிஸ்க்குக்குத்தான் வயதாகிவிட்டது.

ராட்டினமும் தபால் அறையும்

ஹார்டு டிஸ்க்கைத் தமிழில் வன்தட்டு என்கிறோம். பெயரிலேயே 'தட்டு' இருக்கிறது, கவனித்தீர்களா? உள்ளே உண்மையாகவே தட்டு இருக்கிறது. கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டு. அதன்மேல் காந்தப் பூச்சு. தட்டு சுழல, அதன்மேல் ஒரு சின்னக் கை முன்னும் பின்னும் அசைந்து, எழுதும், படிக்கும்.

லேப்டாப்புகளில் இந்தத் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதாவது நொடிக்கு 90 சுற்று. வேகம்தானே என்கிறீர்களா? திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது பெட்டியில் இருக்கும் உங்கள் தோழிக்கு ஒரு முறுக்கு கொடுக்க வேண்டும். ராட்டினம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், அவள் பெட்டி உங்கள் எதிரே வரும்வரை நீங்கள் காத்திருந்துதானே ஆகவேண்டும்? வன்தட்டின் கையும் அப்படித்தான் காத்திருக்கிறது. கை உரிய இடத்துக்கு நகர்ந்து, தட்டும் சுற்றி வந்து சேர்வதற்குள் சுமார் 15 மில்லி நொடி ஓடிவிடும். ஒரு நொடியில் அறுபது, எழுபது இடங்களைத்தான் அதனால் எட்டிப் பார்க்க முடியும். கம்ப்யூட்டர் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். ஆறு நிமிடம் எப்படி ஆகிறது என்று இப்போது புரிகிறதா?

இனி எஸ்.எஸ்.டி.! 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்பதன் சுருக்கம் இது. இதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. அசையும் பாகம் எதுவுமே கிடையாது. பென் டிரைவ், செல்போன் ஆகியவற்றில் இருப்பதைப் போன்ற 'ஃப்ளாஷ்' நினைவுச் சில்லுகள்தான் உள்ளே இருக்கும். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போட அடுக்கடுக்காக மர அறைகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். எந்த அறை வேண்டுமோ அதில் நேராகக் கையை விட்டு எடுக்கலாம். ராட்டினம் சுற்றி வரக் காத்திருக்க வேண்டியதில்லை. மலிவான எஸ்.எஸ்.டி. கூட ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான இடங்களை எட்டிவிடும்.

ஒரு சின்னச் செய்தி. உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை 1956-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. இரண்டடி குறுக்களவுள்ள 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவை வைத்தாலே அது நிரம்பிவிடும்! ஃப்ளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா. இப்போது எஸ்.எஸ்.டி.களில் பயன்படும் 'நாண்ட்' வகையை அவருடைய குழு 1987-இல் உலகுக்கு அறிவித்தது. சேமித்ததை அழிக்கும் வேகம் கேமராவின் ஃப்ளாஷ் வெளிச்சத்தை நினைவூட்டியதால் இந்தப் பெயர் வந்ததாம்.

முதலில் படங்கள், பிறகுதான் மற்றவை

'டிக் டிக்' சத்தம் கேட்டு என் வயிறு ஏன் கலங்கியது தெரியுமா? ஹார்டு டிஸ்க்கின் கை தான் தேடிய இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது அந்தச் சத்தம் வரும். டிஸ்க் நாளைக்கே நின்றுபோகலாம். அல்லது ஒரு மாதம் ஓடலாம். யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே அன்று மாலை திருப்புளியை நாங்கள் தொடவே இல்லை. ஒரு 64 ஜி.பி. பென் டிரைவை மாட்டி, அப்பத்தாவின் படங்கள் இருந்த பெட்டியை முதலில் நகல் எடுத்தோம். அதன் பிறகுதான் பாட நோட்டுகள், பாட்டுகள் எல்லாம். பேரன் எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்துப் போடலாம் என்றான். நான் விடவில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எது முக்கியமோ அதுதான் முதலில்! நடுவே டிஸ்க் இரண்டு முறை அப்படியே உறைந்து நின்றது. இரவு ஒன்பது மணிக்குத்தான் வேலை முடிந்தது.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. பென் டிரைவை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி, படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில் மூன்று திறக்கவில்லை. பாதிப் படம் தெரிந்தது, மீதி சாம்பல் நிறமாகிவிட்டது. தலைசீவும் படம் நல்லவேளையாகத் தப்பித்தது. அந்த மூன்றுக்காக அவள் அழுதாள். நான் என்ன சொல்வது? "போன வருடமே என்னிடம் வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பென் டிரைவில் ஒரு பிரதி, என் கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி. ஏன் இரண்டு என்று பேரன் கேட்டான். என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு, உங்களுக்கும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் '1 டி.பி.' என்று எழுதியிருந்த பென் டிரைவை மிகக் குறைந்த விலைக்கு வாங்கினேன். நான் பணி ஓய்வு பெற்ற நாளில் மாணவர்கள் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் அதில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்தவற்றை அழித்துவிட்டேன். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. திறந்தால் ஒன்றும் இல்லை! அது போலி. உள்ளே இருந்ததோ சின்னச் சில்லு. தன்னை 1 டி.பி. என்று பொய் சொல்லும்படி அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். இருக்கும் இடம் நிரம்பிய பிறகு எழுதியதெல்லாம் காற்றில் எழுதியதுதான். கணக்கு வாத்தியார் நான், விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

எதை வாங்குவது?

இப்போது கடைக்குப் போவோம். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரே ஒரு கடைதான். நினைவுச் சில்லுகளின் விலை 2025 இறுதியில் மளமளவென்று ஏறியது. அதனால் நான் இங்கே விலை எழுதப் போவதில்லை. வாங்கும் நாளில் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாரையும்விட ஒருவர் மட்டும் பாதி விலை சொன்னால், அங்கிருந்து நடையைக் கட்டுங்கள்!

விலைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம்முடைய கம்ப்யூட்டரில் எது பொருந்தும்? 2013-ஐ ஒட்டிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இரண்டரை அங்குல டிஸ்க்தான் இருக்கும். 'சாட்டா' என்ற முறையில் இணைந்திருக்கும். அதே இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினால் போதும். மேசைக் கம்ப்யூட்டரிலும் இதையே மாட்டலாம். பிற்காலத்து லேப்டாப்புகளில் 'எம்.2' என்ற வகை வருகிறது. சூயிங்கம் பட்டைபோல் இருக்கும். 22 மில்லி மீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லி மீட்டர் நீளம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2-விலேயே சாட்டா என்றும் 'என்.வி.எம்.ஈ.' என்றும் இரண்டு சாதி உண்டு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள்! ஒன்றுக்கான இடத்தில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம். ஆகவே லேப்டாப்பின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போய், அதன் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். இன்னும் சில மலிவு லேப்டாப்புகளில் சேமிப்புச் சில்லைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அதைக் கழற்றி மாற்ற முடியாது.

அடுத்து, எவ்வளவு கொள்ளளவு? "பெரிசா வாங்கினா நல்லதுதானே சார்?" என்றார் தையற்காரர். தேவையைக் கணக்குப் போட்டோம். பழைய டிஸ்க் 320 ஜி.பி. அதில் அவர்கள் சேர்த்து வைத்திருந்தவை 41 ஜி.பி. தான். இயங்குதளத்துக்கும் மென்பொருள்களுக்கும் 30, 40 ஜி.பி. ஒதுக்குவோம். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. நிரம்பி வழிந்தால் அதன் வேகம் குறையும். எப்படிப் பார்த்தாலும் 240 ஜி.பி. தாராளம். 120 ஜி.பி. கூட போதும்தான், ஆனால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் 240-ஐ எடுப்பதே என் கட்சி.

வாங்கி மாட்டிய பிறகு, "240 என்று எழுதிவிட்டு 223 தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டான்!" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 1,024-ஐ மூன்று முறை பெருக்கி, 1,07,37,41,824 பைட் என்று எண்ணுகிறது. 24,000 கோடியை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 223.5 வரும்! இதை மட்டும் வீட்டுக் கணக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியின்மேல் 'டி.எல்.சி.', 'கியூ.எல்.சி.' என்றெல்லாம் எழுதியிருந்தால் மிரள வேண்டாம். ஒரு டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்த்தால் இரண்டே பதில்கள். அது ஒரு பிட். டம்ளரில் எட்டு மட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பிட். அதுதான் டி.எல்.சி. பதினாறு மட்டங்கள் என்றால் நான்கு பிட், கியூ.எல்.சி. ஒரே அறையில் அதிகம் அடைப்பதால் கியூ.எல்.சி. விலை குறைவு. ஆனால் பதினாறு மட்டங்களைத் துல்லியமாகப் பிரிப்பது சிரமமல்லவா? எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் டி.எல்.சி.யை எடுங்கள்.

ஆயுள் என்றேனே, எஸ்.எஸ்.டி.க்கு ஆயுள் உண்டா? உண்டு. நோட்டில் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்துக்கொண்டே இருந்தால் காகிதம் நைந்துவிடும் அல்லவா? அதுபோலத்தான். எவ்வளவு எழுதும்வரை உத்தரவாதம் என்று நல்ல கம்பெனிகள் எழுதியே கொடுக்கும். கிங்ஸ்டன் ஏ400 என்ற மலிவு ரகத்தின் 240 ஜி.பி. டிரைவுக்கு அந்த அளவு 80 டெரா பைட், அதாவது 80,000 ஜி.பி. தினமும் 20 ஜி.பி. எழுதினாலும் 4,000 நாள் ஆகும். ஏறத்தாழ பதினோரு வருடம்! வீட்டுப் பாடம் எழுதுகிறவர்களுக்கு அவ்வளவு வேகமாக நைந்துபோகாது. (நாங்கள் எந்தக் கம்பெனி வாங்கினோம் என்று கேட்காதீர்கள். விளம்பரம்போல் ஆகிவிடும்.) மூன்று வருட வாரண்டி இருக்கிறதா, பில் தருவாரா என்று கேட்டு வாங்குங்கள். பில்லை பத்திரப்படுத்துங்கள்.

பெட்டியில் 'நொடிக்கு 500 எம்.பி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த லேப்டாப்பில் இருப்பது சாட்டாவின் இரண்டாம் தலைமுறை. அதன் வழியாக நொடிக்கு 300 எம்.பி.க்கு மேல் போக வழியே இல்லை. ஆகவே இன்னும் வேகமானதற்குக் கூடுதல் பணம் கொடுத்திருந்தால் தண்டம்தான்.

திருப்புளியை எடுங்கள்!

இந்த வேலையைப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். மேசைக் கம்ப்யூட்டர் என்றால், மின்சாரம் வரும் அந்தத் தகரப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேசைமேல் வெள்ளைத் துண்டு விரித்தோம். வெள்ளை எதற்கு? விழும் திருகு கண்ணில் படத்தான்! லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றினோம். பிறகு ஆன் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். ஸ்டீல் பீரோவைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டோம். சீப்பால் தலைவாரி, காகிதத் துண்டுகளை ஈர்த்து விளையாடுவீர்களே, அதே மின்சாரம்தான். அது சில்லுகளுக்கு ஆகாது.

அடியில் ஒரு சின்ன மூடி. அதில் இரண்டு திருகுகள். மூடிக்குள் ஹார்டு டிஸ்க், ஒரு தகரச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. கழற்றிய திருகுகளை அம்மாவின் மாத்திரை டப்பாவில், கழற்றிய வரிசையிலேயே ஞாயிறு, திங்கள் என்று போட்டு வைத்தாள் அந்தப் பெண். எனக்குத் தோன்றாத யோசனை! டிஸ்க்கை மேலே நெம்பக் கூடாது. இணைப்பு முனையிலிருந்து பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தி எடுக்க வேண்டும்.

சட்டத்தில் எஸ்.எஸ்.டி.யை மாற்றிப் பொருத்தினோம். லொடலொடவென்று ஆடியது! பழைய டிஸ்க்கின் தடிமன் 9.5 மில்லி மீட்டர், புதியது 7. மீதி இரண்டரை மில்லி மீட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் சில பெட்டிகளில் கூடவே வரும். எங்களுடையதில் இல்லை. தையற்காரர் ஒரு கெட்டி அட்டையை அளந்து, கத்தரித்து, ஒரு நொடியில் கச்சிதமாகப் பொருத்திவிட்டார். கை பழகிய வேலை அல்லவா!

இணைப்பு முனை ஆங்கில 'எல்' எழுத்து வடிவில் இருக்கும். தலைகீழாகப் போகாது. போகவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தி உடைக்காதீர்கள்.

அடுத்தது இயங்குதளம். புது எஸ்.எஸ்.டி. வெற்றுச் சிலேட்டு மாதிரி. பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகல் எடுக்க மென்பொருள்கள் உண்டு. எங்கள் டிஸ்க்கை அந்தப் பாடு படுத்த நான் விரும்பவில்லை. மேலும் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இவ்வளவு பழைய லேப்டாப்புகளில் விண்டோஸ் 11-ஐ நிறுவ மைக்ரோசாஃப்ட் ஒப்புதல் தருவதில்லை. எனவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் தயார் செய்து கொண்டுவந்திருந்தான் பேரன். அத்தை கல்லூரிக் காலத்திலேயே நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்கியிருந்தது இப்போது கைகொடுத்தது.

'டிஸ்க்கை முழுதும் அழித்துவிட்டு நிறுவவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். இங்கேதான் பலருடைய படங்கள் பறிபோகும்! பழைய டிஸ்க் வெளியே இருக்கிறது. அப்பத்தா படங்கள் உள்ள பென் டிரைவையும் கழற்றி அலமாரியில் வைத்தாகிவிட்டது. உள்ளே இருப்பது வெற்று எஸ்.எஸ்.டி. மட்டுமே. இதை இரண்டாம் முறையும் சரிபார்த்த பிறகுதான் 'சரி' என்று அழுத்தச் சொன்னேன். அரை மணி நேரத்துக்குள் நிறுவி முடிந்தது. தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொண்டோம்.

மறுபடி ஆன் செய்தபோது, அவள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு நொடி! "அப்பா, பல் துலக்கக்கூட நேரமில்லைப்பா!" என்று குதித்தாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேகம் முழுவதும் எஸ்.எஸ்.டி.யால் வந்ததல்ல. குப்பை சேராத புதிய இயங்குதளத்துக்கும் அதில் பங்கு உண்டு. பிராசஸரும் அதே பழைய பிராசஸர்தான். பெரிய விளையாட்டுகள் ஓடாது. இணையத்தின் வேகமும் கூடாது. கட்டுரை எழுத, படிக்க, அறிவியல் கண்காட்சிக்கு அட்டவணை போட அது போதும். முந்நூறு ரூபாய்க்குப் போகவிருந்த சாமான்தானே!

இன்னும் ஒன்று. அப்பத்தாவின் படங்களை எஸ்.எஸ்.டி.யில் மட்டும் வைக்கக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஹார்டு டிஸ்க் சாகும் முன்பு பெரும்பாலும் சத்தம் போடும். எஸ்.எஸ்.டி. ஒரு சத்தமும் இல்லாமல் திடீரென்று நின்றுவிடலாம். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைத்தாலும் அதில் உள்ளவை மெல்ல மங்கிவிடக்கூடும். மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு அன்று பென் டிரைவில் நகல் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். தலைசீவும் படத்தைத் தையற்காரர் பிரிண்ட் போட்டு, தையல் மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டார்.

பழைய டிஸ்க்கைத் திறந்து பார்க்கலாமா என்று பேரன் துடித்தான். கூடாது என்றேன். அந்த மூன்று படங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன. திறந்தால் தூசி பட்டு, கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போய்விடும். இப்படிப்பட்ட டிஸ்க்கிலிருந்து தகவல்களை மீட்பவர்கள் இருக்கிறார்கள், கட்டணம்தான் அதிகம். துணியில் சுற்றி, தேதி எழுதி, அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறது.

அதற்குப் பதிலாக, எப்போதோ நின்றுபோன என்னுடைய சொந்த டிஸ்க் ஒன்றைப் பிள்ளைகள் இருவருக்கும் கொடுத்தேன். நட்சத்திர வடிவத் திருகுகள், அதற்கென்று தனித் திருப்புளி வேண்டும். உள்ளே தட்டு முகம் பார்க்கும் கண்ணாடிதான்! லேப்டாப் டிஸ்க்குகளில் தட்டு பல நேரம் கண்ணாடியால் ஆனது. வளைத்தால் சிதறும், ஜாக்கிரதை. கையை அசைக்கும் இரண்டு காந்தங்களும் கிடைத்தன. விரலைக் கடித்துவிடும் வலு! பேரன் ஒருமுறை அலறினான். அதில் ஒன்று இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் பால் கணக்கு நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.